உணவக மேசையில் பிறந்த லீக்

ஐபிஎல் நாட்களில் கைப்பேசியில் கற்பனை அணி அமைக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் நியூயார்க்கில் இருக்கிறது. 1980இல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும், தாங்கள் கூடிச் சாப்பிட்ட 'லா ரோட்டிஸரி ஃப்ரான்சேஸ்' உணவகத்தின் பெயரில் 'ரோட்டிஸரி லீக்' என்ற பேஸ்பால் லீக்கைத் தொடங்கினார்கள். அணிக்கு 260 டாலர். அதற்குள் நிஜ வீரர்கள் 23 பேரை ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்த வீரர்கள் மைதானத்தில் எப்படி ஆடுகிறார்களோ, அதற்கேற்பப் புள்ளிகள். பத்திரிகையில் வரும் ஸ்கோரைப் பார்த்துக் கையால்தான் கணக்கு. சாம்பியன் ஆனவர் தலையில் சாக்லேட் பானத்தை ஊற்றுவார்கள்!

1984இல் விதிகள் புத்தகமாக வந்தன. ஆட்டம் நாடெங்கும் பரவி, பின்னாளில் பெரும் வணிகமானது. ஆனால் அதைக் கண்டுபிடித்த ஓக்ரென்ட் தன் லீக்கில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இருந்தும் பல வருடங்கள் விடாமல் ஆடினார். நம் கேரம் மேசையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், இல்லையா?