நடைவண்டியும் தச்சுக்கல்வியும்

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்து போனபோது, நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தோட்டத்தில் நின்ற வாட்டில் மரமொன்று வேரோடு சாய்ந்தது. தோட்டக்காரர் அதை விறகுக்கு அறுத்துக்கொண்டிருந்தபோது, உருட்டுக்கட்டை ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்போது என் தங்கை மகனுக்கு நடை பழகும் பருவம். அவனுக்கு ஒரு நடைவண்டி செய்துகொடுக்க வேண்டுமென்பது என் ஆசை. தமிழ் கற்பிப்பது என் தொழில். விடுமுறை நாள்களில் வீட்டுப் பின்கட்டில் மரம் இழைப்பது என் பொழுதுபோக்கு. அதற்குமுன் இரண்டு முக்காலிகளும் ஒரு புத்தக அடுக்கும் செய்து முடித்திருந்தேன். அந்தத் துணிச்சலில் கட்டையைக் குறுக்காக அறுத்து மூன்று வட்டங்கள் எடுத்தேன். வெள்ளரித் துண்டுகளைப் போல அழகாக இருந்தன. துளையிட்டுச் சக்கரமாக மாட்டினேன். பத்து நாள்களில் மூன்றும் மையம் வரை பிளந்துவிட்டன.

மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் சுற்றுப்போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் ஏற்படும் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே முழுவட்டமாக அறுத்த துண்டு தன்னைத்தானே இழுத்துப் பிளந்துகொள்கிறது. இதை நான் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரி ஒருவருக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது. பிளந்த சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குறுக்கே அறுத்தா வெடிக்கத்தான் செய்யும் சார். பலகையா அறுத்துக் காயப் போடுங்க. காஞ்ச பலகையில வட்டம் வெட்டுங்க."

"எவ்வளவு நாள் காயணும் அண்ணே?"

"ஒரு அங்குலப் பலகைன்னா ஒரு வருசம்னு வச்சுக்கோங்க. இந்த ஊர் ஈரத்துக்கு இன்னும் கூடத்தான் ஆகும்."

அதற்குள் பையன் ஓடவே ஆரம்பித்துவிடுவானே என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து போகும்போது வேறொன்று சொன்னார். "நீங்க ஆசைக்குச் செய்றீங்க. நான் செய்யலேன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது. என் மகன் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் படிக்கிறான். அவனை உளியைத் தொடவே விட்டதில்லை சார்."

அவர் மகனைத் தொடவிடாத உளியை நான் ஆசையோடு பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முரணை விளங்கிக்கொள்ள வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டு வண்டிக்குத் தமிழில் வயது அதிகம். குறுந்தொகையின் 61ஆம் பாடல் தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சர் செய்து தந்த சிறு குதிரை வண்டியில் சிறுவர்கள் ஏறிப்போக முடியாது. ஆனாலும் அதைக் கையால் இழுத்து மகிழ்கிறார்கள் என்று தோழி அதில் உவமை சொல்கிறாள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் குழந்தைகள் மூன்று கால் கொண்ட சிறுதேரை உருட்டுகிறார்கள். இன்றைய நடைவண்டிக்கும் சக்கரம் மூன்றுதான்.

அந்த வண்டிகளைச் செய்தவர்களைப் பற்றியும் இலக்கியம் பேசுகிறது. புறநானூற்று 206ஆம் பாடலில், அதியமானின் வாயிலில் காத்திருந்து சினந்த ஔவையார், கல்வியுள்ளவர்க்கு எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்பதற்குத் தச்சரின் பிள்ளைகளைத்தான் உவமையாக்குகிறார். கோடரியோடு காட்டுக்குள் போகும் அந்தக் கைத்திறன் மிக்க பிள்ளைகளுக்கு எந்த மரமும் உதவும். ஔவையாருக்குத் தன் புலமைக்கு இணையாகச் சொல்லத் தச்சுத்திறன் அகப்பட்டது என்பது நம் கவனத்துக்குரியது. மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில் யவனத் தச்சர்கள் தமிழ்க் கைவினைஞரோடு சேர்ந்து மண்டபம் எழுப்புகிறார்கள். தஞ்சைப் பெரியகோயில் கல்லால் ஆனது. ஆயினும் அதைக் கட்டியவராகக் கல்வெட்டில் இடம்பெற்ற குஞ்சரமல்லனின் பட்டம் 'ராஜராஜப் பெருந்தச்சன்'.

ஆனால் இந்த மதிப்போடு ஒரு கட்டும் சேர்ந்தே வந்தது. ஔவையார் உவமையிலும் கைத்திறன் உடையவர்கள் தச்சரின் பிள்ளைகள்தாம். திறமை வீட்டுக்குள் கைமாறுகிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் வரும் 'தச்சாசாரியக் காணி' என்பது ஓர் ஊரின் தச்சுவேலையைச் செய்யும் பரம்பரை உரிமை. காணி என்ற சொல்லுக்கே வழிவழி வரும் உரிமை என்றுதான் பொருள். ஒரு குடும்பத்துக்கு அது உரிமை. மற்றவர்களுக்கு அடைத்த கதவு. காலம் மாறி, அந்த வேலையின் வருமானமும் மதிப்பும் குறைந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கும் அதுவே வெளியேற முடியாத கதவாயிற்று.

அந்தக் கதவைத் தட்டியவர்களைத் தேடினால், தமிழ்நாட்டுக்கு வெளியேயும் போக வேண்டும். 1910இல் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே காந்தியின் நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக் தம் 1100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்குத் தந்தார். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் பெற்ற அந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் காந்தியே அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். காலன்பாக்குக்குத் தச்சுவேலை தெரியும். அவருடைய பொறுப்பில் ஒரு சிறு தச்சு வகுப்பு நடந்தது. பெட்டி முதல் பெஞ்சு வரை பண்ணைக்கு வேண்டியவற்றை அவர்களே செய்துகொண்டார்கள். எந்தக் குலத்துப் பிள்ளை என்று பாராமல் தமிழ்ச் சிறுவர்களும் வாளும் உளியும் பிடித்த பழைய வகுப்பறைகளுள் அது ஒன்று. கற்பித்தவர் ஒரு யூதர் என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

மரவேலையைப் பிழைப்புக்காக அன்றிக் கல்வியாகக் கொள்ளும் எண்ணம் அதற்கு முன்பே ஐரோப்பாவில் வேர்விட்டிருந்தது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸின் முயற்சியால் 1866 முதல் தொடக்கப் பள்ளிகளில் கைவேலை பாடமாயிற்று. சுவீடனின் நேஸ் என்னும் இடத்தில் ஓட்டோ சாலமன் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் பல நாட்டு ஆசிரியர்கள் வந்து பயின்றனர். 'ஸ்லாய்ட்' என்று அழைக்கப்பட்ட அந்த முறையில் முதற் கருவி சாதாரணக் கத்தி. எளிய பொருளில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானவற்றுக்குப் போக வேண்டும். செய்வதெல்லாம் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். தொடங்கியவனே முடிக்கவும் வேண்டும். நோக்கம் தச்சர்களை உருவாக்குவது அன்று. கையும் கண்ணும் கருத்தும் ஒன்றுபட்ட மனிதரை உருவாக்குவது.

இந்தியாவில் இதற்கு இணையான முயற்சி 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் உருவாயிற்று. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் நூற்பு, நெசவு, வேளாண்மை ஆகியவற்றோடு தச்சும் அடிப்படைக் கைத்தொழிலாக இடம்பெற்றது. அதை நடத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். எங்கள் மலையிலிருந்து இறங்கினால், திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய அந்த இடம் ஆதாரக் கல்வியின் தமிழ்நாட்டு மையங்களுள் ஒன்றாக விளங்கியது. எந்த வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் கற்கலாம் என்பதுதான் அந்தக் கல்வியின் உயிர்நாடி.

இங்கேதான் 1953 குறுக்கிடுகிறது. அவ்வாண்டு முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, இரு முறை வகுப்புகளை நடத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். இருக்கிற ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு மேலும் பல பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவரலாம் என்பது அவர் தரப்பு வாதம். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெற்றோரின் தொழில் என்ற இரண்டு சொற்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டன. தொழில் பிறப்பால் அமையும் சமூகத்தில், தச்சர் மகன் தச்சையும் வண்ணார் மகன் வெளுப்பையும் கற்றுக்கொள் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் மக்களுக்குப் புரியவைத்தார்கள். 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகிக் காமராசர் பதவியேற்றார்; அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

என் நண்பர்கள் சிலர், அந்தப் போராட்டத்தினால்தான் தமிழ்நாட்டில் கைவேலைக்கு மதிப்பில்லாமல் போயிற்று என்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. வார்தாவும் 1953ஆம் ஆண்டுத் திட்டமும் ஒரே உளியைத்தான் பிள்ளைகளின் கையில் கொடுக்க முன்வந்தன. முன்னது 'நீ யாராயினும் இதைக் கற்கலாம்' என்றது. பின்னது 'நீ இன்னாரின் மகன், ஆகவே இதைக் கற்றுக்கொள்' என்பதாகக் கேட்பவர் காதில் விழுந்தது. எங்கள் தெரு ஆசாரி 1953இல் பிறந்திருக்கக்கூட மாட்டார். ஆனாலும் மகனை உளி தொடவிடாத அவரது உறுதி அந்த ஆண்டின் நினைவிலிருந்து வந்ததுதான். அதை நாம் குறைசொல்ல முடியாது. நமக்கு நேர்ந்த இழப்பு வேறு. குலக்கல்வியை விரட்டிய கையோடு, அதன் இடத்தில் எல்லாருக்குமான கைக்கல்வியை நாம் வலுவாக நிலைநாட்டவில்லை. பள்ளிகளில் கைத்தொழில் பாடவேளை பெயரளவில் நீடித்துத் தேய்ந்தது. இன்று ஆசாரி மகனுக்கும் உளி தெரியாது; மற்றவர் மகனுக்கும் தெரியாது. இதைச் சமத்துவம் என்று சொல்லி ஆறுதலடைய எனக்கு மனம் வரவில்லை.

இந்த விவாதம் முடிந்துவிடவுமில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குத் தச்சு உள்ளிட்ட தொழில்களைப் பத்து நாள் புத்தகப் பையின்றி அறிமுகம் செய்யச் சொன்னது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பவழித் தொழில் என்ற நிபந்தனை இடம்பெற்றபோது, எழுபது ஆண்டுக்கு முந்தைய குலக்கல்விச் சொல் மீண்டும் எழுந்தது. தமிழ்நாடு அரசு அத்திட்டத்தை ஏற்க மறுத்து, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டிய நிபந்தனை இல்லாமல், 35 வயது நிரம்பியோருக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. சண்டை மறுபடியும் அந்த இரண்டு சொற்களைப் பற்றியதுதான்.

வீட்டுப் பின்கட்டில் மரம் இழைப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். பொழுதுபோக்கு என்பது விருப்பத்தின் மறுபெயர். வேண்டாமென்றால் நான் உளியைக் கீழே வைத்துவிடலாம். அந்த உரிமை ஆசாரிக்கு இருந்ததில்லை. அவர் மகனுக்கு அதைப் பெற்றுத் தந்திருக்கிறார். இனி அந்தப் பையன் ஒருநாள் ஆசைக்கு உளியை எடுப்பானாயின், அன்றுதான் தச்சு இந்த நாட்டில் உண்மையில் விடுதலை பெற்ற கலையாகும். அதற்கு இன்னொன்றும் வேண்டும். ஆசாரியின் ஒரு நாள் கூலி ஒரு விரிவுரையாளருடையதைக் கண்டு கூசாத அளவுக்கு உயர வேண்டும். கைவேலையை வாய்வார்த்தையால் போற்றிவிட்டுக் கூலியில் பேரம் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது; என்னிடமும் இருந்தது.

மரத்தின் கதையிலும் ஒரு பாடம் உண்டு. நான் அறுத்தது வாட்டில் இனத்தில் ஒன்றான அக்கேசியா மெலனாக்சிலான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த இனங்கள் பழனி மலையின் புல்வெளிகளையும் சோலைகளையும் நெருக்கி இன்று பெருஞ்சிக்கலாக நிற்கின்றன. விறகென்றும் களையென்றும் நாம் தள்ளும் அதே மரத்தைத் தாயகத்தில் 'பிளாக்வுட்' என்று பெயரிட்டு மேசை, நாற்காலிகளுக்கும் கித்தார்களுக்கும் தேடி வாங்குகிறார்கள். பிறந்த இடத்தை வைத்து மதிப்பிட்டால் மரத்தையும் தவறாகத்தான் மதிப்பிடுவோம். (ஆனால் நண்பர்கள் யாரும் ஆசைப்பட்டு அரிவாளோடு இறங்கிவிட வேண்டாம். மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.)

மீதிக் கட்டையை ஆசாரி சொன்னபடி பலகையாக அறுப்பித்து, இடையிடையே சட்டங்கள் வைத்து அடுக்கி, நிழலில் காயப்போட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து எடுத்தபோது இழைப்புளியின் கீழ் தேன்நிறமும் பழுப்பும் கலந்த வரிகள் தெளிந்து வந்தன. சக்கரங்கள் வெட்டினேன், பிளக்கவில்லை. அச்சை மட்டும் ஆசாரி திருத்திக் கொடுத்தார். இம்முறை அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். தங்கை மகன் அப்போது தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தான். நடைவண்டி அவனுக்குப் பயன்படவில்லை. விடுமுறைக்குக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஆசாரி மகன் அதைக் கையில் எடுத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். "இது எப்படி சார் ஆடாம நிக்குது?" என்று கேட்டான்.

"அப்பாகிட்ட கேளு தம்பி" என்றேன்.