சிலேட்டிலிருந்து டேப்லெட் வரை: சாவி யாரிடம்?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் பணி செய்யும் எங்களை ஒருநாள் ஓர் அம்மா வழிமறித்துக் கேட்டார்: "பள்ளிக்கூடத்துக்கு டேப்லெட் வந்திருக்காமே? எம் புள்ள அதைக் கண்ணால பாத்ததாக்கூடச் சொல்லலியே!"

பள்ளிக்குப் போனோம். நன்கொடையாக வந்த டேப்லெட்கள் இருந்தன. பத்திரமாகவே இருந்தன, பீரோவுக்குள், பெட்டி பிரிக்கப்படாமல். "பசங்க கையில கொடுத்து உடைஞ்சா யார் சார் பதில் சொல்றது? ஆடிட்ல என் பேருதான் வரும்" என்றார் தலைமையாசிரியர். அவரைத் திட்டுவதற்கு எங்களுக்கு வாய் வரவில்லை. அவர் பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுப்பது காலனிப் பிள்ளைகள். பொருள் வந்துவிடும், அதன் சாவி வராது என்பது நமக்குப் பழைய கதை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

1893-இல் சென்னை மாகாண அரசு, பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட நம் முன்னோரின் கல்விக்கென ஓர் அரசாணை போட்டது. பஞ்சமர் கல்வியின் சாசனம் என்றே அதைப் பாராட்டினார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 1919-இல், அதே அரசு இன்னோர் ஆணையில் தன் கணக்கைத் தானே ஒப்புக்கொண்டது. மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 ஆண்கள் பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்தவை 609 மட்டுமே. காரணம் பாடத்திட்டம் அல்ல, இடம். பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் இடத்திலும் சாவடியிலும் நடந்தன. பள்ளி அரசுடையது, வாசல் ஊருடையது. 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான். அரசு கட்டியதைப் பயன்படுத்தும் உரிமைக்கே தனியாகப் போராட வேண்டியிருந்தது.

கணினிக் காலத்துக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுக்க, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் கைக்குப் போனது. வாக்குக்காகக் கொடுக்கிறார்கள் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் அந்த மடிக்கணினியின் பொருள் வேறு. அது பிள்ளையின் சொந்தப் பொருள், வீட்டுக்கு வந்தது, சேரிக்குள் வந்தது. யாரிடமும் சாவி கேட்க வேண்டியதில்லை. குறை எங்கே என்றால், கொடுத்த பிறகு. பேட்டரி செத்து, பரணில் கிடக்கும் மடிக்கணினிகளை நாங்கள் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறோம். பழுது பார்க்க ஊருக்கு அருகில் யாரும் இல்லை. தினக்கூலி வாங்கும் வீட்டில் புது பேட்டரிக்குப் பணம் எங்கே?

அதே 2011 அக்டோபரில் ஒன்றிய அரசு 'ஆகாஷ்' டேப்லெட்டை அறிமுகம் செய்தது. உலகிலேயே மலிவான டேப்லெட் என்று விளம்பரம். விலையைக் குறைத்த வேகத்தில் தரத்தை மறந்தார்கள். தொடுதிரை அழுத்தினால்தான் கேட்கும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். தரம் குறித்த தகராறு முற்றி, பொறுப்பு ராஜஸ்தான் ஐஐடியிலிருந்து மும்பை ஐஐடிக்கு மாறியது. சொன்ன அளவில் அது பிள்ளைகளிடம் போய்ச் சேரவேயில்லை.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை என்றது. வீட்டுக்கு எடுத்துப்போகவே அந்தத் திட்டம், ஆனால் பாதிக்கும் குறைவான பிள்ளைகளே எடுத்துப்போனார்கள். நம் தலைமையாசிரியரின் பயம் அங்கேயும் இருந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2013-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஐபேட் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே சில நூறு மாணவர்கள் அமைப்புப் பக்கத்துக்குப் போய், கட்டுப்பாட்டுக் கோப்பை அழித்துவிட்டு விருப்பப்படி உலாவினார்கள். நிர்வாகம் கருவிகளைத் திரும்ப வாங்கியது. பூட்டு சரியில்லாததற்குப் பிள்ளைகள் குற்றவாளி ஆனார்கள்.

அப்படியானால் நூற்றுக்கணக்கான டேப்லெட்களை எப்படித்தான் நிர்வகிப்பது? வழி இருக்கிறது, மந்திரம் ஒன்றும் இல்லை. புது ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் முதல் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் குறியீடு படிக்கும் வசதி திறக்கும். நிர்வாக மென்பொருள் தரும் குறியீட்டைக் காட்டினால் டேப்லெட் அந்த நிர்வாகத்தின் கீழ் பதிவாகிவிடும். பிறகு எந்தச் செயலி இருக்க வேண்டும், எது கூடாது, காணாமல் போனால் எப்படிப் பூட்டுவது, உள்ளே இருப்பதை எப்படி அழிப்பது எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து செய்யலாம். இதை எம்டிஎம் என்பார்கள். ஆனால் இணையம் இல்லாத பள்ளியில் மேலிருந்து போடும் கட்டளை போய்ச் சேராது. ஒரே பிளக் பாயிண்ட் உள்ள அறையில் முப்பது டேப்லெட் சார்ஜ் ஆகாது. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் பீரோவில் கிடந்தால் பேட்டரி கெடும். பத்திரமாகப் பூட்டி வைப்பதும் ஒருவகையில் உடைப்பதுதான்.

2024 ஜூனில் தமிழ்நாடு அரசு 101.48 கோடி ரூபாயில் 79,723 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் அது ஆசிரியரின் கருவி. பிள்ளைகளுக்கான கருவி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட பல துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். ஒரே பதிவேடு, ஒரே சேவை மையம் என்றால் வசதிதான். ஆனால் நமக்கென ஒதுக்கிய நிதியும் பொறுப்பும் அந்தப் பொதுப் பதிவேட்டில் கரைந்துவிடாது என்பதற்கு யார் உறுதி தருவார்கள்?

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நம் மக்கள் 31 விழுக்காடு, அரியலூரில் 23 விழுக்காடு. அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் பிறந்த அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 வாங்கினார். பிறகு வாசலின் பூட்டையே நீட் என்று மாற்றினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இன்று நுழைவுத்தேர்வுப் பயிற்சியெல்லாம் திரைக்குள் போய்விட்டது. திரை இல்லாத பிள்ளைக்கு அது இன்னொரு பூட்டு.

எனவே எங்கள் கோரிக்கை இன்னும் நூறு டேப்லெட் அல்ல. இருக்கிற டேப்லெட்டுக்கு நான்கு விஷயங்கள்.

ஒன்று, இயல்பான பயன்பாட்டில் உடைந்தால் ஆசிரியர் மீதோ பெற்றோர் மீதோ பொறுப்பு விழாது என்று எழுத்தில் ஓர் ஆணை. பூட்டும் அதிகாரம் மேலே, உடைந்தால் பழி கீழே என்ற முறை ஒழிய வேண்டும்.

இரண்டு, ஒன்றியத்துக்கு ஒரு பழுதுநீக்கும் மையம். ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் நம் இளைஞர்களுக்கே அந்த வேலை.

மூன்று, எத்தனை வந்தது, எத்தனை ஓடுகிறது, எந்த வகுப்பு எத்தனை மணி நேரம் பயன்படுத்தியது என்ற பதிவேடு பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்பட வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. அந்த நாற்காலியில் போய் உட்காருவோம்.

நான்கு, கருவி வீட்டுக்குப் போகலாம் என்ற விதி. வீடு என்பதில் காலனி வீடும் அடக்கம்.

நாங்கள் இரண்டாம் முறை போனபோது அந்த அம்மாவும் கூட வந்தார். தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து ஒரு பெட்டியைப் பிரித்தார். அம்மா அதைக் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்து, "இது சிலேட்டு மாதிரிதான இருக்கு? இதுக்கா இவ்வளவு பூட்டு?" என்றார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அவரே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெய் பீம்.