கோரேகாவ் தூணில் உள்ள பெயர்கள்

ஜனவரி முதல் நாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. ஆங்கிலேயர் எழுப்பிய வெற்றித் தூணுக்கு இந்தியர்கள் ஏன் மாலை சூட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆயினும் கேட்பவர்களில் பலர் அத்தூணில் பொறித்துள்ள பெயர்களைப் படித்ததில்லை.

1818 ஜனவரி 1 அன்று, புனேக்கு வடகிழக்கே பீமா நதிக்கரையிலுள்ள கோரேகாவில், கேப்டன் ஸ்டான்டன் தலைமையில் வந்த கம்பெனிப் படையினர் எண்ணூற்றுச் சொச்சம் பேர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை எதிர்கொண்டனர். பம்பாய்க் காலாட்படையுடன் சென்னைப் பீரங்கிப் படையின் சிறு பிரிவொன்றும் இருந்தது. நம்மவர் அதிகம் பேசாத செய்தி இது. உணவும் நீருமின்றி நாள் முழுதும் போரிட்டனர். இரவில் பேஷ்வாவின் படை விலகிச் சென்றது. கறாராகப் பார்த்தால் வெற்றி தோல்வி முடிவாகாத மோதல். கம்பெனியோ அதைத் தன் பெரும் வெற்றியாக்கி, 1821இல் தூணுக்கு அடிக்கல் நாட்டியது.

தூணில் 49 பெயர்கள் உள்ளன. அவற்றுள் 22 பெயர்கள் 'நாக்' என முடிபவை. மகர் சமூகத்தார் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட விகுதி அது. சாதியைப் போற்றும் எண்ணம் கம்பெனிக்கு இருந்ததில்லை. இறந்தோரைப் பட்டியலிட்டது, அவ்வளவே.

அந்தப் பட்டியலே பின்னர் சான்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 'போர்க்குடிகள்' என்னும் கோட்பாட்டின் பெயரால் மகர்களைப் படையில் சேர்ப்பதை அதே ஆங்கில அரசு நிறுத்தியது. வேலையும் ஓய்வூதியமும் ஓரளவு மதிப்பும் ஒருசேரப் பறிபோயின. மீண்டும் சேர்க்குமாறு சிவராம் ஜான்பா காம்ப்ளே முதலியோர் விண்ணப்பம் எழுதினர். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் தூணருகே வந்து நின்றார். மூன்று மாதம் கழியுமுன் மகாடில் பொதுக்குளத்து நீரை அருந்தினார். 1941இல் மகர் ரெஜிமெண்ட் உருவானபோது அதன் சின்னத்தில் இத்தூணே இடம்பெற்றது; விடுதலைக்குப் பின் நீக்கப்பட்டது.

மகர் வீரர்கள் சாதிக் கொடுமையை ஒழிக்கவே அன்று போரிட்டனர் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை; அதற்கு ஆவணச் சான்று போதாது. அவர்கள் ஊதியம் பெற்ற சிப்பாய்கள். எதிர்த்தரப்புக்காகப் போரிட்ட அரபு வீரர்களும் அப்படியே. ஆனால் 'துரோகம்' என்னும் குற்றச்சாட்டை இந்த 22 பெயர்கள்மீது மட்டும் சுமத்துவோர், அதே தூணிலுள்ள ஏனைய 27 பெயர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. இருநூறாம் ஆண்டான 2018இல் அங்கே வெடித்த வன்முறையில் ஓர் உயிர் போயிற்று.

அதற்கு அடுத்த ஜனவரியிலும் கூட்டம் குறையவில்லை.