குவான்சா

குவான்சா என்பது ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை கொண்டாடும் பண்பாட்டு விழா ஆகும். கறுப்பினத் தேசியவாதச் சிந்தனையாளரான மௌலானா கரெங்கா 1966 இல் இதனைத் தொடங்கினார். 'முதற் கனிகள்' எனப் பொருள்படும் சுவாகிலி மொழித் தொடரிலிருந்து இப்பெயர் பெறப்பட்டது.

தோற்றம்

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் நிகழ்ந்த கலவரத்தில் 34 பேர் இறந்தனர். அதன் பின்னணியிலேயே இவ்விழா உருவானது. அடிமை முறையால் மொழி, பெயர், சமயம் ஆகியவற்றை இழந்த மக்கள், அரசியல் விடுதலைக்கு முன் தம் பண்பாட்டை மீட்க வேண்டும் என்பது கரெங்காவின் கருத்து.

ஏழு கொள்கைகள்

ஒவ்வொரு நாளும் ஒரு கொள்கைக்கு உரியது. அவை வருமாறு:

1. உமோஜா - ஒற்றுமை
2. குஜிச்சாகுலியா - தன்னுரிமை
3. உஜிமா - கூட்டு உழைப்பும் பொறுப்பும்
4. உஜமா - கூட்டுறவுப் பொருளாதாரம்
5. நியா - நோக்கம்
6. கூம்பா - படைப்பாற்றல்
7. இமானி - நம்பிக்கை

நாளுக்கு ஒன்றாக ஏற்றப்படும் ஏழு மெழுகுதிரிகளின் சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்கள், மார்க்கஸ் கார்வேயின் இயக்கம் 1920 இல் ஏற்ற கொடியின் நிறங்களாகும்.

விமர்சனங்கள்

அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகளுள் பெரும்பாலோர் மேற்கு, நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள்; சுவாகிலியோ கிழக்கு ஆப்பிரிக்க மொழி. எனவே இது செயற்கையான மரபு எனச் சிலர் கூறுவர். எந்த ஓர் இனக்குழுவுக்கும் மட்டும் உரியதல்லாத பொதுமொழி என்பதாலேயே சுவாகிலி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது ஆதரவாளர்களின் விளக்கம். தொடக்கத்தில் கிறித்துமசுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட இவ்விழா, பின்னர் எச்சமயத்தாரும் கொண்டாடத்தக்கது என விளக்கப்பட்டது. இன்று கிறித்தவர் பலரும் இரண்டையும் கொண்டாடுகின்றனர்.