கிரேசி கேவன் அண்ட் த ரிதம் ராக்கர்ஸ்

கிரேசி கேவன் அண்ட் த ரிதம் ராக்கர்ஸ் என்பது ஐக்கிய இராச்சியத்தின் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஒரு ராக்கபில்லி இசைக்குழு ஆகும். இது 1970ஆம் ஆண்டு தெற்கு வேல்ஸிலுள்ள நியூபோர்ட் நகரில் தொடங்கப்பட்டது. இதன் பாடகர் கேவன் குரோகன் 2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் காலமாகும் வரை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இக்குழு இயங்கியது. விற்பனைத் தரவரிசையில் பெரிய வெற்றி எதையும் பெறாத போதிலும், பிரித்தானிய ராக்கபில்லி மறுமலர்ச்சியின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பின்னணி

ராக்கபில்லி 1950களில் ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் தோன்றிய இசைவடிவம் ஆகும். வெள்ளையர்களின் கன்ட்ரி இசையும் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் இசையும் கலந்து இது உருவானது. எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்க்கின்ஸ் முதலியோர் மெம்பிஸ் நகரின் சன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திற்காகப் பாடிய பாடல்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். பாடகரின் குரலை ஒலிநாடாவில் பதிந்து, நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தாமதத்துடன் மீண்டும் கலப்பதால் உண்டாகும் எதிரொலி, இவ்விசையின் அடையாளங்களுள் ஒன்று.

1960களில் அமெரிக்காவில் இவ்விசை ஏறக்குறைய மறக்கப்பட்டது. ஆனால் பிரித்தானியாவில் நீண்ட மேலங்கியும் தடித்த அடிப்பகுதி கொண்ட காலணியும் அணியும் டெடி பாய்ஸ் என்னும் இளைஞர்கள் அதைக் கைவிடவில்லை. இவர்களே இக்குழுவின் முதல் இரசிகர்கள்.

இசைப்பாணி

குரோகனுடன் லிண்டன் நீட்ஸ், டெர்ரி வாலி ஆகிய இருவரும் கிதார் வாசித்தனர். பழைய ராக்கபில்லியில் பெரிய மர பேஸ் வாத்தியத்தின் தந்திகளை அறைந்து தாளம் எழுப்புவர். இக்குழுவோ மின் பேஸ் கிதாரைப் பயன்படுத்தியதுடன், தாளத்தின் பெரும்பகுதியை வாலியின் கிதாரிடம் ஒப்படைத்தது. பழைய பாடல்களை மட்டும் பாடாமல் சொந்தப் பாடல்களையும் இயற்றியது இதன் சிறப்பு. அவற்றுள் "டெடி பாய் பூகி" மிகவும் அறியப்பட்டது.

1976 ஊர்வலம்

பிபிசி வானொலியில் 1950களின் ராக் அண்ட் ரோல் இசைக்கு இடமில்லை என்பது இரசிகர்களின் நெடுநாள் குறை. 1976ஆம் ஆண்டு மே மாதம் ஆயிரக்கணக்கானோர் இலண்டனில் பிபிசி தலைமையகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். அதையொட்டி நடைபெற்ற இசைநிகழ்ச்சியில் இக்குழுவும் பங்கேற்றது. இதன் விளைவாக பிபிசி ரேடியோ 1 ஸ்டூவர்ட் கோல்மன் தொகுத்து வழங்கிய ராக் அண்ட் ரோல் நிகழ்ச்சியைத் தொடங்கியது.

இக்கோரிக்கை வெற்றி பெற்றாலும் அதன் வணிகப் பயன் பிறருக்கே சென்றது. கோல்மன் பின்னர் இசைத்தயாரிப்பாளரானார். அவர் தயாரித்த "திஸ் ஓல் ஹவுஸ்" பாடல் 1981இல் பிரித்தானியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதைப் பாடிய ஷேக்கின் ஸ்டீவன்ஸ், நியூபோர்ட்டுக்கு அருகிலுள்ள கார்டிஃப் நகரைச் சேர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டில் மேட்ச்பாக்ஸ் என்னும் ஆங்கிலேய ராக்கபில்லி குழுவின் பாடல் ஒன்று நான்காம் இடத்தை அடைந்திருந்தது. இவர்களின் பாடல்கள் பரந்த வானொலி நேயர்களுக்கு ஏற்ப மெருகேற்றப்பட்டவை. கிரேசி கேவன் குழு தன் முரட்டு ஒலியை அவ்வாறு மாற்றிக்கொள்ளவில்லை.

பிற்காலம்

1980களின் நடுப்பகுதியில் ராக்கபில்லி மீதான பொதுமக்களின் ஆர்வம் தணிந்தது. தரவரிசையைச் சார்ந்திராத இக்குழுவை இது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஐரோப்பிய நாடுகளின் மன்றங்களிலும் ராக்கபில்லி விழாக்களிலும் இது தொடர்ந்து பாடி வந்தது. குரோகன் இறக்கும்போது அவருக்கு வயது 70.

முக்கிய இசைத்தொகுப்புகள்

* கிரேசி ரிதம் (1975)
* ராக்கபிலிட்டி (1976)
* அவர் ஓன் வே ஆஃப் ராக்கின் (1977)