மூன்று கடத்தூர்கள்

தமிழ்நாட்டில் ஓர் ஊருக்குப் புறப்படுகிறவர்கள் ஊரின் பெயரோடு மாவட்டத்தின் பெயரையும் தெரிந்துகொண்டு கிளம்புவது உத்தமம். கடத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி மாவட்டத்தில், பொம்மிடிக்கு அருகே, வெற்றிலைச் சந்தைக்குப் பெயர்போன கடத்தூர் ஒன்று. ஈரோடு மாவட்டத்தில், கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் இன்னொன்று. திருப்பூர் மாவட்டத்தில், மடத்துக்குளத்தை அடுத்து அமராவதிக் கரையில், அர்ச்சுனேசுவரர் கோயில் கொண்ட கடத்தூர் மூன்றாவது. இப்படி ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்து தபால்காரர்களைத் திணற அடித்ததும் ஒரு காரணமாகத்தான், 1972 ஆகஸ்டு 15ஆம் தேதி தபால் இலாகா ஊர்களுக்கு ஆறு இலக்கப் பின்கோடு எண்ணைக் கொடுத்தது. அதன் பிறகு கடிதங்கள் அவ்வளவாக வழிதவறுவதில்லை.

ஆனால் சரித்திரம் வழிதவறுகிறது. சமீபத்தில் ஏ.ஐ. தேடுபொறி ஒன்றிடம், "தருமபுரி மாவட்டத்துக் கடத்தூரின் பழைய வரலாறு என்ன?" என்று கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அழகான தமிழ், தடுமாற்றமே இல்லை. அமராவதி ஆற்றங்கரை, அர்ச்சுனேசுவரர் கோயில், கொங்குச் சோழர் கல்வெட்டுகள் என்று வரிசையாக அடுக்கியிருந்தது. ஆனைமலைப் பக்கம் பிறந்து கரூர் அருகே காவிரியில் கலக்கும் அமராவதி, தருமபுரியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை! திருப்பூர்க் கடத்தூரின் சொத்தை எடுத்துத் தருமபுரிக் கடத்தூருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டது அந்த யந்திரம்.

யந்திரத்தின்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அது வேலை செய்யும் விதம் அப்படி. நாம் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு இணையத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பக்கங்களைத் துழாவுகிறது. பொருத்தமாகப்பட்ட சிலவற்றைப் பொறுக்குகிறது. பிறகு எந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு வாக்கியங்களாகக் கோக்கிறது. சென்னையைப் பற்றியோ மதுரையைப் பற்றியோ கேட்டால் ஆயிரம் பக்கங்கள் கிடைக்கும். ஒன்று பிசகினாலும் மற்றொன்று திருத்திவிடும். சிற்றூர்களைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம். கை நீட்டிய இடத்தில் பொருள் இல்லாதபோது, "தெரியாது" என்று சொல்வதற்குப் பதிலாகப் பெயரொற்றுமை உள்ள பக்கத்து வீட்டிலிருந்து அது கடன் வாங்கிவிடுகிறது.

இது கடத்தூருக்கு மட்டும் நேர்ந்த விபத்து அல்ல. 2025 மார்ச்சில், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பத்திரிகை ஆய்வு மையம் ஒன்று இத்தகைய எட்டுக் கருவிகளைச் சோதித்தது. செய்திக் கட்டுரைகளிலிருந்து சில வரிகளைக் கொடுத்து, இவை எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில் வந்தவை என்று கேட்டார்கள். 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட பதில்கள் பிசகியிருந்தன. பிசகிய பதில்களிலும் தயக்கத்தின் சாயல் அதிகம் தென்படவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்க விஷயம்.

இந்த யந்திரத்தால் ஒருபோதும் கொடுக்க முடியாத பதில் ஒன்றும் உண்டு. அதற்குச் சாட்சி தருமபுரிச் சீமையிலேயே இருக்கிறது.

அசோகச் சக்கரவர்த்தி தமது இரண்டாம் பாறைச் சாசனத்தில், தம் எல்லைக்கு அப்பால் இருந்த சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் "சதியபுத்திரர்" என்றும் ஒரு வம்சத்தைக் குறிப்பிட்டார். 1837-38இல் ஜேம்ஸ் பிரின்செப் அசோகரின் எழுத்துக்களைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து, யார் இந்தச் சதியபுத்திரர் என்று பண்டிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். துளுவநாட்டார் என்றார்கள் சிலர். காஞ்சியார் என்றார்கள் சிலர். மகாராஷ்டிரம் வரைக்கும் போனவர்களும் உண்டு. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான்களாக இருக்கலாம் என்று ஊகித்தவர்களும் இருந்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சியின் புகழோ ஏட்டுச் சுவடிகளில் இருந்தது. அதை உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். வடக்கே ஒரு பெயர், தெற்கே ஒரு பெயர். இரண்டையும் முடிச்சுப் போடச் சான்று இல்லை.

1981இல் திருக்கோவிலூருக்கு அருகேயுள்ள ஜம்பையில், ஒரு குகைப் பாறையில், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி அகப்பட்டது. சதியபுத்திரனாகிய அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் இது என்பது அதன் பொருள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் இயக்குநராக அப்போது இருந்த இரா. நாகசாமி அதை உலகத்துக்கு அறிவித்தார். 140 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வழக்கு ஒரு வரியில் தீர்ந்தது.

1980ஆம் வருஷம் இந்த ஏ.ஐ. இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? பிரசுரமான ஊகங்களையெல்லாம் திரட்டி, எது அதிகம் பேரால் எழுதப்பட்டதோ அதை முன்னே வைத்து, நயமாகப் பதில் எழுதியிருக்கும். பாறைமேல் ஏறிப் பார்த்திருக்காது. எழுதப்பட்டதைத் தேடுவது வேறு. எழுதப்படாததைக் கண்டுபிடிப்பது வேறு.

ஆகவே யந்திரத்தை ஒதுக்கிவிட வேண்டுமா? கூடவே கூடாது. சாமிநாதையர் ஒரு சுவடிக்காக ஊர் ஊராக அலைந்தார். ஆ. சிங்காரவேலு முதலியார் வருஷக்கணக்காகத் தனியாக உழைத்து 1910இல் அபிதான சிந்தாமணியை வெளியிட்டார். அவர்களுக்குக் கிடைக்காத வேலைக்காரன் நமக்குக் கிடைத்திருக்கிறான். அவனிடம் முடிந்த பதிலைக் கேட்காமல், வழியைக் கேட்க வேண்டும். கடத்தூரின் கதையைச் சொல் என்பதைவிட, பாராமகாலைப் பற்றி எந்தப் பழைய நூல்களில் எழுதியிருக்கிறது என்று கேட்பது மேல். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது இந்தப் பாராமகால் சீமை. அங்கே அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து எழுதிவைத்த பதிவுகள் அச்சில் உண்டு. 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் ஜில்லா கெஜட்டியரும் உண்டு. யந்திரம் காட்டிய சுட்டியைத் திறந்து, அது சொன்ன விஷயம் அங்கே இருக்கிறதா, எந்த மாவட்டத்தைப் பற்றி இருக்கிறது என்று நாமே படித்துவிட வேண்டும். மருந்துக்கும் பத்திரப் பதிவுக்கும்கூட இதே விதிதான்.

மற்றொரு கடமை அந்தந்த ஊர்க்காரர்களுடையது. சந்தை எப்படிக் கூடுகிறது, வெற்றிலைக் கொடிக்கால்களை யார் எப்போது போட்டார்கள், ஊர் எல்லையில் நடுகல் ஏதாவது சாய்ந்து கிடக்கிறதா என்பதெல்லாம் பெரியவர்கள் நினைவோடு நின்றுவிட்டால், நாளைக்குக் கேட்கிற பேரப்பிள்ளைக்கு யந்திரம் அமராவதிக் கதையைத்தான் சொல்லும். ஒரு பள்ளி ஆசிரியரும் நாலு மாணவர்களும் முனைந்தால், ஒரு கோடை விடுமுறையில் நாற்பது பக்கம் எழுதிவிடலாம். அந்த நாற்பது பக்கமும் தருமபுரிக் கடத்தூருக்கே சொந்தமாக இருக்கும்.