விளக்கும் மொழியும் வேரூன்றலும்: கண்டிப் பிரதேசத்துக்கு வந்த அரபு ஆசிரியர்கள்

பிறநாட்டிலிருந்து வந்த மொழியாசிரியர் புதிய மண்ணில் நிலைப்பதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய தகுதியையும் தொழில் வாய்ப்பையுமே அளவுகோலாகக் கொள்கின்றனர். கண்டிப் பிரதேசத்தின் அரபுக் கல்வி வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது. கற்பிக்கும் மொழியில் ஆசிரியருக்கு இருக்கும் புலமை அவரை வரவேற்கச் செய்யும். நிலைக்கச் செய்வது, அந்த மொழியை விளக்கிச் சொல்ல மாணவரோடு அவருக்கு ஒரு பொதுமொழி இருப்பதுதான். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

கண்டி–மாத்தளை வீதியில், கண்டியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் அக்குறணை இருக்கிறது. இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் வந்த மூன்று அரபியர், துனுவில வளவைச் சேர்ந்த சிங்களப் பெண்களை மணந்து இங்கே குடியேறினர் என்பது ஊரின் தோற்றம் பற்றிய மரபு. அதன் விவரங்களை வரலாற்றாசிரியர் எப்படி எடைபோட்டாலும், அந்த மரபு எழுப்பும் ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தந்தைவழி அரபு, தாய்வழி சிங்களம் என்றால், இவ்வூர் முஸ்லிம் வீடுகளில் தமிழ் எப்படி வந்தது? சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். கடைத்தெருவில் சிங்களம் சரளமாகப் புழங்குகிறது. ஆனால் பிள்ளையைத் தாலாட்டுவதும் ஜும்ஆப் பிரசங்கம் கேட்பதும் தமிழில்.

வணிகத் தொடர்பு இதற்கு ஒரு பகுதி விடைதான். வணிகமொழி சந்தையோடு நின்றுவிடக்கூடும். அடுப்படிவரை வருவதற்கு இன்னொரு வழி தேவை. அந்த வழி மார்க்கக் கல்வி என்பதே என் முடிவு. தமிழகத்தின் காயல்பட்டினம், கீழக்கரை ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) அவர்களிடம் ஓதிய இலங்கையின் கரையோர லெப்பைமாரும் அரபைத் தமிழில் விளக்கினார்கள். மலைநாட்டு முஸ்லிம் பிள்ளை அரபு எழுத்தைக் கற்கும்போதே விளக்கத்தின் தமிழையும் கேட்டு வளர்ந்தது.

இந்த ஆசிரியர்களுள் தலையாயவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்பட்ட செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898). ஆசிரியரின் மகளை மணந்து கீழக்கரையில் நிலைத்ததால் வந்தது அந்தப் பெயர். இலங்கைக்குப் பலமுறை வந்து பள்ளிவாசல்களையும் அரபுக் கல்விக்கூடங்களையும் எழுப்பினார். அவற்றுள் ஒன்றான வெலிகம மத்ரஸதுல் பாரி 1884இல் தொடங்கியது. அவரும் அவர் வழியினரும் கையாண்ட அரபுத் தமிழைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அரபில் இல்லாத ட, ப, ள, ழ, ஞ முதலிய ஒலிகளுக்காக, இருக்கும் அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கினார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு பெண், தமிழ் நெடுங்கணக்கைக் கண்டே இராவிட்டாலும், இந்தச் சில புள்ளிகளைப் பழகிக்கொண்டால் தன் மொழியில் சட்டநூல் படிக்கலாம். வந்த ஆசிரியர் தம் பாடமொழியின் எழுத்தையே மாணவரின் நாவுக்கேற்ப வளைத்த செயல் இது. மொழிக் கல்வி வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இதற்கு மாறான நிலை எகிப்திலிருந்து இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட அரசியல் கைதிகளுடையது. அஹ்மத் ஒராபி பாஷாவும் தோழர் அறுவரும் 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினர். 1892இல் கண்டிக்கு இடம்மாறிய ஒராபி 1901வரை அங்கேயே வாழ்ந்தார். ஹல்லொலுவை வீதியில் அவர் குடியிருந்த வீடு இன்று அவர் பெயரில் கலாசார நிலையமாக உள்ளது. தோழர்களுள் ஒருவரான மஹ்மூத் சாமி அல்பாரூதி நவீன அரபுக் கவிதைக்கு மறுமலர்ச்சி தந்தவர். இங்கிருந்தபோது அவர் ஆங்கிலம் கற்றார், உள்ளூரார்க்கு அரபு கற்பித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அரபுலகமே தேடிப் போகக்கூடிய ஆசிரியர் அவர். ஆயினும் அவர் பெயரால் இங்கே ஒரு பாடமரபு வளரவில்லை. எகிப்தியர் விட்டுச்சென்றவை வேறு: கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி 1892இல் உருவாகக் கொடுத்த ஊக்கம், 1905இல் நீதிமன்றத்தில் அணியும் உரிமைக்காக முஸ்லிம்கள் கிளர்ந்தெழும் அளவுக்குப் பரவிய துருக்கித் தொப்பி. திரும்பிப் போகும் நாளை எதிர்பார்த்திருந்த அரசியல் கைதிகளிடம் இதற்குமேல் கேட்பது நியாயமுமன்று. அவர்களுக்கும் மக்களுக்கும் நடுவே நின்றவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் அறிஞர் சித்திலெப்பை. 1882இல் தமிழில் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவரும், கண்டியிலும் பிற ஊர்களிலும் பாடசாலைகள் அமைத்தவரும், அரபு இலக்கண நூல் இயற்றியவரும் அவரே. எகிப்தியரிடம் இல்லாத விளக்கும் மொழி அவரிடம் இருந்தது.

தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்போரிடம் ஓர் உண்மை இருக்கிறது. குர்ஆனை ஒலிப் பிழையின்றி ஓதும் கலையான தஜ்வீதில் எழுத்தொலியின் பிறப்பிடத்தைப் பழக்க அரபுச் செவியும் அரபு நாவும் பெரிதும் உதவும். ஆனால் இலக்கணமும் பொருளும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆங்கிலக் கற்பித்தல் துறையில் இந்த விவாதத்தை முன்னெடுத்தவர்களுள் இருவர் இலங்கையர் என்பது தற்செயலன்று. சர்வதேச ஆங்கில ஆசிரியர் சங்கமான டெசோலுக்குள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆசிரியர்களுக்கென 1998இல் ஓர் அணியைத் தோற்றுவித்தவர்களுள் ஜோர்ஜ் பிரெய்ன் ஒருவர். 1999இல் அவர் தொகுத்த நூலில், தாய்மொழியாளரே சிறந்தவர் என்ற கொள்கையை வேரோடு ஆராய்ந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டு அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா. வெளியூரில் மொழியாசிரியராக நிலைப்பதன் பாட்டை இருவரும் சொந்த வாழ்வில் அறிந்தவர்கள். கீழக்கரை ஆலிம்கள் கோட்பாடு எழுதவில்லை. அவர்களுடைய நடைமுறை இவர்களுடைய கோட்பாட்டுக்கு நூறாண்டு முந்திய சான்று.

அந்த ஆலிம்கள் பாக்கு நீரிணையைக் கடந்த காலத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்சி ஒரே பேரரசினது. இன்று மொழியாசிரியரின் வாழ்வு விசாவில் தொங்குகிறது. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களை அடுத்து, விசாக் காலம் கடந்து தங்கியிருந்த 600க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வெளியேற்றப்பட்டதாகவும் அவர்களுள் ஏறத்தாழ 200 பேர் இஸ்லாமிய மதபோதகர் என்றும் அரசு மே மாதம் அறிவித்தது. அத்தனை உயிர்கள் பலியான நேரத்தில் பாதுகாப்பை முன்னிறுத்தியது அரசின் கடமை. 2018 மார்ச்சில் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டதைக் கண்ட அக்குறணைக்கு, அச்சம் என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும், அரபு இலக்கணம் கற்பிப்பவரையும் பிரசங்கத்துக்கு வந்து போகிறவரையும் ‘மதபோதகர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கும் கணக்கு, யார் என்ன கற்பித்தார் என்ற கேள்விக்கு விடை தராது. அந்த விடை இல்லாமல் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே மொழியாசிரியருக்கெனத் தனி அனுமதிப் பிரிவு வேண்டும். அதற்கான பரிந்துரையை, முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதிந்த அரபுக் கல்லூரி, பாடத்திட்டத்தை இணைத்தே அனுப்ப வேண்டும். வந்த ஆசிரியர் முதலாண்டில் தமிழோ சிங்களமோ கற்க வேண்டும். புதுப்பித்தலுக்கு அந்தத் தேர்ச்சியே முதல் நிபந்தனையாக இருக்கட்டும். அதுவரை உள்ளூர் மௌலவி ஒருவர் கூடவே வகுப்பில் இருந்து தமிழில் பொருள் சொல்லலாம். அக்குறணையில் அதற்கு ஆள் தேட வேண்டிய நிலை இல்லை.